சம்பந்தி வீட்டு மழை

சொல்லுக்கு முன்னும் செவிக்கு அப்பாலும் நிற்கும் பரம்பொருளே, இக்கடிதத்தை எழுதி முடிக்கும்வரை என் நெஞ்சில் கசப்பு ஏறாமல் காத்தருள்க.

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் அவன் அருளால் நலம். நீயும் மருமகளும் பேத்தியும் அவ்வண்ணமே இருக்க வேண்டுகிறோம். அம்மாவின் முழங்கால் வலி தணிந்திருக்கிறது. மாடிப்படி ஏறுகிறாள், ஏறியபின் என்னைக் குறைசொல்ல மூச்சும் மிச்சமிருக்கிறது. சென்ற முறை தொலைபேசியில், "நம்ம ஹோம் தியேட்டர் ரொம்பப் பழசாயிடுச்சேப்பா, புதுசா மாத்திடலாமா?" என்று நீ கேட்டபோது, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கேள்வியில் குற்றமில்லை. உன் மாமனார் வீட்டுக்குப் புதியதை அனுப்பிவிட்டு, அதன் பிறகு என்னைக் கேட்டாயே, அதுதான் உறுத்துகிறது.

அதைப் பார்க்க வரும்படி சம்பந்தி அழைத்தார், போனோம். அவர் சோபாவின் நட்டநடுவில் மணமகன் போல் அமர்ந்திருந்தார். "மாப்பிள்ளை வாங்கிக் குடுத்தது சம்பந்தி, வேணாம் வேணாம்னேன், கேட்டாத்தானே!" என்று நாங்கள் செருப்பைக் கழற்றும்போது ஒருமுறை சொன்னார், காபி வந்தபோது மறுபடியும் சொன்னார். பிறகு ஒரு படத்தைப் போட்டார். கூரையில் புதைத்த ஸ்பீக்கர்களிலிருந்து மழை இறங்கிற்று. என்னை அறியாமல் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். "நனையலையே சம்பந்தி?" என்று சிரித்தார். உன் அம்மாவோ, "அப்படியே மேல விழுற மாதிரி இருக்குங்க" என்று கண் விரிய மேலே பார்த்தாள். நான் வாங்கி வந்த எந்தப் பொருளையும் அவள் அப்படிப் பார்த்ததில்லை. ஏதேனும் குறை சொல்லாமல் எழக்கூடாது என்று, "பாஸ் சத்தம் கொஞ்சம் தூக்கலோ?" என்றேன். ரிமோட்டை எடுத்துக் குறைத்துக் காட்டினார், அந்தக் குறையும் போயிற்று. அதையும் பொறுத்திருப்பேன். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது, "எந்த ஸ்பீக்கரை எங்க வைக்கணும்னு மாப்பிள்ளை வீடியோ கால்லயே கூட இருந்து சொன்னாரு, பாவம், அவருக்குப் பாதி ஞாயித்துக்கிழமை போச்சு" என்றாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. நம் வீட்டு ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு நீளம் என்று உனக்கே தெரியும். போனில் சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, அவ்வளவுதான். அழுக்காறு என்று பெயரிட்டு அறநூல்கள் விலக்கச் சொன்ன குணத்தைப் பற்றி எத்தனையோ மேடைகளில் விரித்துரைத்திருக்கிறேன். அன்று அது என் சட்டைப்பையில் சொகுசாக உட்கார்ந்துகொண்டு வீடுவரை வந்தது.

வந்ததும் உடை மாற்றவில்லை, அதே படத்தை நம் செட்டில் போட்டேன். நம் மழையும் சளைத்ததல்ல என்று உன் அம்மாவுக்குக் காட்ட வேண்டுமல்லவா. மழை முன்பக்கம் மட்டும் பெய்தது. பின்னால் ஒரு தூறல்கூட இல்லை. வேலைக்குப் போன முதல் ஆண்டில் நீ வாங்கி, சுவர் நெடுக நீயே ஆணியடித்து ஒயர் இழுத்தாயே, அந்தப் பின் ஸ்பீக்கர்களில் காதை வைத்தேன்; இரண்டும் ஊமை. பழுதாகிவிட்டது, இனி மகன் வாங்கித்தான் தரவேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு மகிழ்ச்சி எழுந்ததை மறைக்கமாட்டேன். நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். ஒயர்களைக் கழற்றி, ஒழுங்காகச் சுருட்டி, தையல் பெட்டியின் நீல நூலால் கட்டி வைத்திருந்தது. அந்த முடிச்சு யாருடையது என்று எனக்குத் தெரியாதா?

உன் அம்மாவிடம் கேட்டால், முதலில் "நாற்காலியை விட்டு இறங்குங்க" என்றாள். பிறகு, "அவன் வெளியூர் போன புதுசுல, படத்துல கதவு திறக்கிறது, யாரோ நடந்து வர்றது எல்லாம் பின்னாலேருந்து கேக்கும். நம்ம வாசக்கதவும் அந்தப் பக்கந்தானே. ஒவ்வொரு தடவையும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கழுத்து வலிச்சுது, கழட்டிட்டேன்" என்றாள். கழுத்து வலி என்றுதான் சொன்னாள். "இத்தனை வருஷமா வர்றவங்க போறவங்க கிட்ட எல்லாம், நாலு பக்கமும் கேக்குது பாருங்கன்னு பெருமை பேசினீங்களே, உங்களுக்கே தெரியலையா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று சம்பந்தியின் மேல் இருந்த பொறாமை அப்படியே உன் அம்மாவின் மேல் திரும்பியது. அதே சோபாவில் பக்கத்தில்தான் நானும் உட்கார்ந்திருந்தேன். என் தலை ஒருமுறைகூடத் திரும்பவில்லையே.

ஆகவே என் முடிவைக் கேள். புதியது வேண்டாம். சம்பந்தியின் கூரைமழை அவருக்கே பொழியட்டும். என் வயிற்றெரிச்சல் தணிந்துவிட்டது என்று மட்டும் எண்ணிவிடாதே. அவிழ்க்காமல் வைத்திருக்கும் அந்த ஒயர்களை நீ வந்து மாட்டு. எந்த ஒயர் எந்தத் துளையில் என்று வீடியோவில் சொல்லி முடித்துவிடப் பார்க்காதே. சம்பந்திக்கு உன் பாதி ஞாயிறு கிடைத்தது, எனக்கு முழு ஆளும் வேண்டும். விடுப்பு கிடைத்ததும் எனக்கு மட்டும் தகவல் சொல். கதவை நான் தாழிடாமல் வைத்திருப்பேன். மணி அடிக்காமல் உள்ளே வா. அம்மா சோபாவில் இருப்பாள். இந்த முறை அவள் திரும்பிப் பார்ப்பது வீண்போகக் கூடாது.

ஒன்றை மறவாதே: பெட்டி முதலில் அங்கே போயிற்று, நீ முதலில் இங்கே வரவேண்டும்.

உன் இல்லத்தில் விளக்கும் நல்ல சொல்லும் குறையாதிருக்க, நீயும் மருமகளும் ஒருமனமாய் வாழ, பேத்தி கேட்கும் ஒலியெல்லாம் இனியதாக, எல்லாம் வல்லவன் உங்களைத் தன் நிழலில் வைத்துக் காக்கட்டும்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா