இரண்டாம் முறை திறக்கையில்

நியூகாசில்,
செப்டம்பர் 14.

அன்புள்ள நெரிடாவுக்கு ஆல்வின் எழுதுவது.

நானும் நாயும் குறையில்லாமல் இருக்கிறோம். லான்செஸ்டன் குளிரில் உன் விரல்கள் எப்படி இருக்கின்றன என்று டாஃப்னிக்குப் போன் செய்து கேட்டேன். "அவ விரலைப் பத்தி அவகிட்ட கேளு, எங்கிட்ட எதுக்கு கேக்கற?" என்று வைத்துவிட்டாள். உன் அக்கா நாற்பத்திரண்டு வருஷமாக என்னிடம் அப்படித்தான் பேசுகிறாள். உனக்குப் போன் செய்தால் நான் சத்தம் போடுவேன், நீயும் வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

தெருமுனை மரத்தில் மேக்பை பறவை மறுபடி கூடு கட்டியிருக்கிறது. தபால்காரியைத் துரத்தித் துரத்திக் கொத்துகிறது. எலுமிச்சை காய்த்து உதிர்கிறது, பொறுக்க ஆளில்லை. ஆறு வாரமாக எனக்குத் தினமும் ஆட்டுச் சாப்ஸ்தான். பூசணி சூப் வைத்துப் பார்த்தேன். நாய்கூட முகர்ந்துவிட்டுப் போய்விட்டது.

நான் மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். யார் பக்கம் நியாயம் என்று நீயே பார்.

பெயின்ட் கடையில் நிறம் கலக்கும் மேசையில் முப்பத்தொரு வருஷம் நின்றவன் நான். இருபது லிட்டர் வாளியின் மூடியில் இருக்கும் சின்ன அடைப்பானை நெம்பி எடுத்து, உள்ளே சாயத்தை விட்டு, மறுபடி அழுத்தி மூடி, குலுக்கி, அந்த நிறத்தில் மூடிமேல் ஒரு பொட்டு வைத்துக் கொடுப்பேன். ஒரு நாளைக்கு அறுபது வாளி. ஸ்க்ரூடிரைவர் வழுக்கி உள்ளங்கையில் வாங்கிய தையல்கள் உனக்குத் தெரியும். அதனால்தான் கொட்டகையில் பழைய மூடிகளை உருக்கி, யாரிடமும் படிக்காமல், பதினோரு வருஷம் பாடுபட்டுக் காது வைத்த அடைப்பானைச் செய்தேன். காதை இரண்டு விரலால் பிடித்துக் கால் சுற்றுத் திருகினால் வந்துவிடும். ஒவ்வொரு மாதிரியையும் நம் வீட்டு வாளியில் பொருத்தி முதலில் உன்னிடம்தான் கொடுத்தேன். "நல்லாத்தான் இருக்கு, ஆல்" என்றாய். பதினோரு வருஷமும் அதையேதான் சொன்னாய்.

வாளி செய்யும் நிறுவனம் புதிய அடைப்பானைச் சோதிக்கக் கைவலி உள்ளவர்கள் வேண்டும் என்று கடையில் அறிவிப்பு ஒட்டியபோது, உன்னைக் கூட்டிக்கொண்டு போனவன் நான்தான். மறந்துவிடாதே. என் அடைப்பானைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். மூட்டுவலிக்காரியான நீயே அதைத் திறந்து காட்டினால் அவர்கள் வாயடைத்துப் போவார்கள் என்று கணக்குப் போட்டேன்.

அங்கே அந்த லாக்லன், அவர்களுக்கு அடைப்பானை வடிவமைக்கிறவன். ஐம்பத்துநாலு வயது, இஸ்திரி போட்ட சட்டை, மனைவி இறந்து நாலு வருஷமாம். அதை அவன் உன்னிடம் ஏன் சொன்னான்? அடைப்பானுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? மூன்று நாள் உன் எதிரே உட்கார்ந்தான். ஒரு உருண்டைக் களிமண்ணைக் கொடுத்து, "அழுத்த வேண்டாம் நெரிடா, வலிக்காம எவ்வளவு மடங்குதோ அவ்வளவு மடக்குங்க, போதும்" என்றான். களிமண்ணில் பதிந்த உன் விரலின் பள்ளத்தை அளவுகோல் வைத்து அளந்தான். நான் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். நீ அவனிடம் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் வீட்டில் பார்த்து ரொம்ப நாளாகிறது.

மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் என் அடைப்பானை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவன் மரியாதையாகவே வாங்கினான். அதுதான் இன்னும் எரிந்தது. ஒரு மாதத்துக்கு முன் பாதி ஊற்றி மூடிய பழைய வாளிகள் அவனிடம் இருந்தன. என்னுடையதை ஒன்றில் பொருத்தி, விளிம்பில் பெயின்ட் தடவிக் காய வைத்து, மதியம் உன் முன்னால் கொண்டுவந்தான். நீ திருகினாய். வரவில்லை. மறுபடி திருகினாய். பிறகு சோதிக்க வந்த எட்டுப் பேர் முன்னால், என்னைப் பார்க்காமல் அவனைப் பார்த்துச் சொன்னாய்: "பதினோரு வருஷமா நான் இதை வெண்ணெய்க் கத்தியாலதான் தெறக்கறேன். அவர்கிட்ட சொல்ல மனசு வரல."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை என்று நீ பிறகு சொன்னாய். நான் அதையா கவனித்தேன்?

காரில் நான் கேட்டதை எழுதத்தான் வேண்டும். "அவன் கையைப் புடிச்சா மட்டும் ஒனக்கு எல்லாம் ஈசியா தெறக்குதோ?" என்றேன். "அவர் கையைப் புடிக்கல, ஆல். கையைப் பாத்தாரு," என்றாய். ஹாமில்டன் சிக்னலில் கதவைத் திறந்து இறங்கிப் பஸ்ஸில் போனாய். அடுத்த வாரம் டாஃப்னி வீட்டுக்குப் போய்விட்டாய்.

இப்போது கேள். அவனுடைய வளையம் வைத்த அடைப்பான் போட்ட முதல் வாளிகள் சோதனை விற்பனைக்கு நம் கடைக்கு வந்துவிட்டன. போன செவ்வாய் போனேன். பெயின்டர் மிக் எல்லார் முன்னாலும், "யோவ் ஆல்வின், இந்த வளையம் ஒன் வீட்டுக்காரம்மா விரல வெச்சு அளவெடுத்ததாமே? அப்போ ஒன்னோட காது என்னய்யா ஆச்சு, செவிடாயிடுச்சா?" என்றான். கடையே குலுங்கியது. ஒரு வாளி வாங்கினேன். உனக்குப் பிடித்த அந்த யூகலிப்டஸ் இலையின் அடிப்பக்கத்துப் பச்சையைக் கலவைக் குறிப்பு பார்க்காமல் என் பழைய மேசையில் நானே கலந்தேன். மூடிமேல் பொட்டும் நானே வைத்தேன்.

நம் வீட்டில் பெயின்ட் அடிப்பது எப்போதும் நீதான். நாள் முழுக்க அதில் நின்றவன் வீட்டிலும் அதைத் தொட மாட்டேன் என்பேன். இந்த முறை சமையலறைச் சுவரை நானே அடிக்கலாம் என்று சலவை அறை அலமாரியில் தூரிகையைத் தேடினேன். சோப்புப் பெட்டிக்குப் பின்னால் உன் வெண்ணெய்க் கத்தி கிடைத்தது. நுனி வளைந்து, மேலெல்லாம் பெயின்ட் அடுக்கடுக்காய் ஏறியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். குளியலறை நீலம். அதற்குக் கீழே கூடத்து மஞ்சள். அதற்கும் கீழே நம் மகள் ஜெசிந்தா கல்யாணத்துக்கு அடித்த வெள்ளை. எல்லாம் நான் கலந்த நிறங்கள்.

அங்கேயே வாஷிங் மெஷின்மேல் சாய்ந்து நின்றேன். கடை மேசைக்கு வரும் வாளி எப்போதும் புதியது. ஒரு அடைப்பானை நான் ஒரே ஒரு முறைதான் திறப்பேன். இரண்டாம் முறை திறப்பது வாங்கிப் போனவர்கள் பாடு. இருபது லிட்டர் வாங்கிப் போனவர்களில் நீயும் ஒருத்தி என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு அவனுடைய வாளியைத் திறந்தேன். அந்த வளையம் படுத்துக் கிடக்கும். நிமிர்த்தி, ஒரு விரலை மடக்கிக் கொக்கிபோல் மாட்டித் தூக்க வேண்டும். நீ மடக்குவதுபோல் என் விரலை மடக்கிப் பார்த்தேன். உன் விரல் இப்போது அந்த அளவுக்குத்தான் மடங்குகிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஊரில் இருக்கிற ஒவ்வொரு பெயின்டருக்கும் தெரிந்த பிறகு எனக்குத் தெரிகிறது. அந்த லாக்லனுக்கு முதல் நாளே தெரிந்தது. அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. எரியவில்லை என்று பொய் எழுத மாட்டேன்.

அடைப்பான் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊற்றும்போது என்னுடையதில்தான் சிந்தாது. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒரு சுவர் முடிந்தது. மூலைகள் கோணல். மீதிப் பெயின்ட்டோடு வாளியை மூடி, விளிம்பைத் துடைக்காமல் வேண்டுமென்றே அப்படியே விட்டிருக்கிறேன். நன்றாகக் காயட்டும். முதல் தடவை திறப்பதில் என்ன பெரிய சாமர்த்தியம்? இரண்டாம் முறை அது திறக்கிறதா என்று அந்த ஆள் சொல்லி நான் நம்புவதாக இல்லை, மிக் சொல்லியும் நம்புவதாக இல்லை. நீ வந்து திறந்து பார். நான் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறேன். அடைப்பான் வரவில்லை என்றால் வரவில்லை என்று என்னிடமே சொல்.

வெண்ணெய்க் கத்தியைச் சுத்தியால் தட்டி நேராக்கிக் கழுவி மேசையில் வைத்திருக்கிறேன். பெயின்ட்டைச் சுரண்டவில்லை. கைகளைக் குளிரில் விடாதே. கையுறை போட்டுக்கொள்.

உன்,
ஆல்வின்

டாஃப்னிக்கு இதைப் படித்துக் காட்டாதே. விமானம் எத்தனை மணிக்கு என்று மட்டும் அவளிடம் சொல்லி அனுப்பினாலும் போதும்.