எட்டுப் பக்க அறிக்கையும் ஒரு குளியலறை விரிப்பும்

என் அக்கா பெற்ற அருமை வாலுக்கு,

மாமா ஈமெயிலில் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், மாடிப்படிக்குக் கீழே குட்டி போட்டிருக்கிற பூனையும் சுகம். நீ சுகமா என்று இந்த முறை கேட்கப் போவதில்லை. நீ எந்த அழகில் சுகமாக இருக்கிறாய் என்பது எட்டுப் பக்கத்தில், வரிக்கு வரி எண் போட்டு, போன செவ்வாய்க்கிழமை என் மேசைமேல் வந்து உட்கார்ந்தது. அன்றிலிருந்து எனக்கிருக்கிற கோபத்தை வைத்து நீ காவல் காக்கிற மலையிலுள்ள பனி முழுவதையும் உருக்கி, கீழே இருக்கிற ஊர்களுக்கெல்லாம் மூன்று வருடம் வெந்நீர் கொடுக்கலாம். மீதி இருந்தால் துணி இஸ்திரி போடலாம்.

நடந்தது இதுதான். மொழிபெயர்ப்பு நிறுவனத்து மேனேஜர் அம்மா போன் செய்து, சார், ஒரு பனிச்சறுக்கு விபத்து அறிக்கை வந்திருக்கு, பிரெஞ்சிலேர்ந்து இங்கிலீஷுக்கு, இன்சூரன்ஸ்காரங்க அவசரப்படுத்துறாங்க, உங்களை விட்டா இதுக்கு ஆளே இல்லை என்றார். இல்லைதானே! பனியில் ஒரு கால்கூட வைக்காமல் பனிச்சறுக்குச் சொற்கள் நானூற்றுப் பன்னிரண்டையும் கட்டி ஆள்கிற சக்கரவர்த்தி ஈரேழு உலகிலும் உன் மாமா ஒருவன்தான். நான் கண்ணால் கண்ட பனி நம் வீட்டு ஃபிரிட்ஜின் மேல்தட்டில் படிகிறது மட்டுமே, அதையும் உன் அம்மா கரண்டியால் சுரண்டி எறிந்துவிடுவாள். அந்தச் சாம்ராஜ்யத்தை எனக்குப் பிடித்துக் கொடுத்தவள் நீ. மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தச் சொற்பட்டியல் வேலை வந்தபோது ஒவ்வொரு சொல்லுக்கும் உனக்குப் போன் போட்டேனே, நினைவிருக்கிறதா? பிளாக் ஆ வான் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்காகப் பதினோரு நாள் தூங்காமல் தவித்தேன். நீதான் சொன்னாய், மாமா, தட்டுல சர்க்கரையைக் கொட்டி, அதுமேல ஒரு கனமான புஸ்தகத்தை வச்சு, மெதுவா சாய்ச்சுப் பாருங்க, புஸ்தகம் அப்படியே பாளமா வழுக்கிட்டு வரும், காத்து அடிச்சு இறுக்கின பனியும் அப்படித்தான், ஒரு கால் பட்டாப் போதும் என்று. நானும் பெரிய அகராதியை வைத்துச் சாய்த்தேன். அகராதி வழுக்கி உன் அம்மா கால்மேல் விழுந்தது. டேய், அம்பத்தெட்டு வயசுல சர்க்கரையில என்னடா விளையாட்டு என்று அவள் போட்ட சத்தம் உனக்குப் போனிலேயே கேட்டது. விழுந்து விழுந்து சிரித்தாய். ஆனால் அந்தப் பாளத்துக்குச் சரியான இங்கிலீஷ் சொல் அன்றைக்குத்தான் எனக்குக் கிடைத்தது. அப்படிச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரம்மா நீ, அதே பாளத்தின்மேல் போய் ஏறி நின்றிருக்கிறாய்!

அறிக்கையில் பெயர்களையெல்லாம் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள். நபர் அ, பெண், முப்பத்தொரு வயது, பனிச்சறுக்குச் சரிவுகளின் பாதுகாப்புப் பணியாளர், அன்று விடுமுறை. யாரோ ஒரு தலைக்கனம் பிடித்த பெண் என்று நினைத்துக்கொண்டு, டீயை உறிஞ்சியபடி இரண்டு பக்கம் சொகுசாக மொழிபெயர்த்தேன், நடுநடுவே அவளைப் பெற்றவர்களையும் வளர்த்தவர்களையும் திட்டிக்கொண்டேன். மூன்றாம் பக்கத்தில் நபர் அ-விடம் இருந்த பொருள்களின் பட்டியல் வந்தது. பழைய பித்தளை விசில் ஒன்று, ஊதுகிற பக்கத்தில் பல் தடம், பச்சைக் கம்பளி நூலால் கழுத்துப் பட்டியில் கட்டப்பட்டது. டீ ஆறிப்போனது. அந்தப் பல் என் பல். கால்பந்து நடுவராக நான் ஊதித் தேய்த்து, பிறகு உனக்குக் கொடுத்த விசில் அது, இரண்டு கோஷ்டியும் சேர்ந்து என்னை அடிக்க வந்த ஆட்டத்தில் கடித்த தடம் அது. அந்த நூல் உன் அம்மா பின்னிய ஸ்வெட்டரில் மீந்தது. பிறகு தேதியைப் பார்த்தேன். நீ போன் செய்து, பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேம்மா, மணிக்கட்டு லேசா பிசகிடுச்சு, வேற ஒண்ணுமில்லை என்று சொன்னாயே, அதே நாள்.

அடிப் பாவி, எந்தக் குளியலறையடி உனக்கு அத்தனை பெரிசு? பாளம் உடைந்து அதோடு முந்நூறு மீட்டர் சறுக்கல், தோள்வரைக்கும் புதைய பனி! உன் பேச்சை நம்பிய உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? கடைவீதியில் ஆறு கடை ஏறி இறங்கி, ஒவ்வொரு ரப்பர் விரிப்பையும் தரையில் போட்டு, அதன்மேல் தண்ணீர் ஊற்றச் சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தாள். கடைசிக் கடைக்காரர், அம்மா இது விரிப்பு, கப்பல் இல்லை என்று கையெடுத்துக் கும்பிட்டார். அதைச் சுருட்டித் தபால் ஆபீசில் வரிசையில் நின்று உனக்கு அனுப்பியிருக்கிறாள், வந்து சேர இன்னும் நாலு நாள் ஆகும். அதை எந்தச் சரிவில் விரிக்கப் போகிறாய்?

இதையெல்லாம்கூட மன்னிப்பேன். நாலாம் பக்கம் என்ன சொல்கிறது? பாதையை மூடும் கயிறு அன்று காலை ஒன்பது மணிக்குக் கட்டப்பட்டிருந்தது. கட்டியவர், நபர் அ. ஆள் போதவில்லை என்று விடுமுறையிலும் போய் உதவியிருக்கிறாய், கட்டிவிட்டு வாக்கி-டாக்கி ரேடியோவை அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறாய், பதினொன்றரைக்கு நீ கட்டிய கயிற்றுக்கு அடியிலேயே குனிந்து போயிருக்கிறாய்! அந்தக் கயிற்றில் தொங்குகிற எச்சரிக்கைப் பலகையின் இங்கிலீஷ் வாசகம் நான் எழுதியது. தெரிந்தே கடப்பவர் என்று எதற்கு, கடப்பவர் என்றால் போதாதா என்று அப்போது உன்னைக் கேட்டேன். நீ சொன்ன பதிலை நான் இன்னும் நோட்டில் வைத்திருக்கிறேன். தெரியாமப் போறவன் தான் மட்டும் விழுவான் மாமா, தெரிஞ்சு போறவன் காப்பாத்த வர்றவனையும் சேர்த்து இழுத்துட்டுப் போவான். இழுத்துவிட்டாயே! தாடிக்காரர் தாடிக்காரர் என்று வாய் ஓயாமல் புகழ்வாயே உன் குழுத் தலைவரை, விசில் சத்தம் கேட்டு ஓடிவந்தவர் அவர்தானே? மிச்சமிருந்த பனி அவர்மேல் சரிந்து, முழங்கால் தசைநார் கிழிந்து, இந்தப் பருவம் முழுக்க அவருக்கு வேலை இல்லை. ஐந்தாம் பக்கம், வரி பன்னிரண்டு. அவர் வீட்டுக் கதவைத் தட்டினாயா இல்லையா என்று அறிக்கையில் இல்லை. நீ சொல்.

ஆறாம் பக்கம் உன் வாக்குமூலம். கயிறு கட்டியது நான், ஆபத்து இருப்பது தெரியும், தெரிந்தே போனேன், எனக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். அவ்வளவுதான், ஒரு சாக்கும் இல்லை. அந்தத் தெரிந்தே என்ற சொல்லின் முன்னால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மூதேவி மூளை என்ன சொன்னது தெரியுமா? கவனக்குறைவாக என்று போடு, யாருக்குத் தெரியப் போகிறது, உன் பிள்ளையின் வேலை பிழைக்கும் என்றது. கை அந்தச் சொல்லின் முதல் எழுத்தை அடித்தும்விட்டது. அப்புறம் வெட்கமாகப் போனது. உயிர் தப்பி வந்து, கைக்கட்டோடு உட்கார்ந்து, நீ நேராகச் சொன்ன ஒரே சொல்லை நான் இங்கே மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து வளைக்கவா? அழித்துவிட்டுத் தெரிந்தே என்றுதான் எழுதினேன். எழுதிய கையோடு மேனேஜர் அம்மாவுக்குப் போன் செய்து, நபர் அ எங்க வீட்டுப் பொண்ணு, இதை நான் செய்யக் கூடாது என்றேன். ஐயோ சார், அப்போ நீங்க செஞ்சதை எடுத்துக்க முடியாதே, வேற ஆளுக்குத்தான் குடுக்கணும் என்றார். வேறு ஆள் என்றால் யார், முன்பொரு தடவை பனிப் பாளத்தைச் சாப்பாட்டுத் தட்டு என்று மொழிபெயர்த்த அந்த மகானுபாவர்தான். ஆக, தட்டு விழுந்து தோள்வரை புதைந்த முதல் பெண் என்று இன்சூரன்ஸ் சரித்திரத்தில் இடம் பிடிக்கப் போகிறாய். உனக்கு வேண்டும்.

உன் அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாளாக அவள் என்னைப் பார்த்து, என்னடா, வாயில கொழுக்கட்டையா, பேச்சையே காணோம் என்கிறாள். அந்த வாய் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான் தாங்கும். நீ போன் செய்கிற வழக்கமான நேரத்தில் நான் பூனையைப் பார்க்கப் போகிற சாக்கில் படிக்கட்டுக்குக் கீழே போய்விடுகிறேன். நீயே சொல். அவள் அழுவாள், திட்டுவாள், போனை வைத்துவிட்டு மறுபடி தானே போடுவாள், எல்லாவற்றையும் வாங்கிக்கொள். அதிகாரிகளிடம் பிரெஞ்சில் சொன்னாய், நான் இங்கிலீஷில் எழுதினேன். தமிழில் சொல்வதற்கு உன்னை விட்டால் ஆள் இல்லை.

கோபம் இன்னும் தீரவில்லை, ஆனாலும் வாழ்த்தை நிறுத்தி வைக்க எனக்குத் தெரியாது. நூறு வயது இரு, அத்தனையையும் கயிற்றுக்கு இந்தப் பக்கமே இரு. தாடிக்காரர் வீட்டுக்கு நாளைக்கே போ. விசிலின் நூல் நனைந்து நைந்திருக்கும், மாற்றிக் கட்டு. விரிப்பு வந்ததும் குளியலறையில் போடு, பொய்க்காக வாங்கினதுதான், ஆனால் உன் அம்மா ஆறு கடையில் நின்று பார்த்து எடுத்தது.

விசிலில் பல் பதித்த,
உன் மாமா