எதை முதலில் கேட்டேன்

மே 6, புதன்

மக்கள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள்? அதைக் கேட்டுச் சொல்வதுதான் என் வேலை. இத்தனை வருடம் கழித்தும் எனக்குப் பதில் தெரியாது.

இன்று தலைவரின் செயலாளர் போன் செய்தார். எங்கள் ஆபீசில் அவருக்கு நிழல் என்று பெயர். ‘ஐயா நினைக்கிறார்’ என்று தொடங்காமல் அவருக்குப் பேச வராது. ஊரடங்கைத் தளர்த்திக் கடைவீதியைத் திறக்கலாமா என்று கருத்துக் கேட்க வேண்டுமாம்.

“முதல்ல வருமானத்தைப் பத்திக் கேளுங்க மேடம். வீட்டுச் செலவு சமாளிக்க முடியுதா, கைமாத்து வாங்கினீங்களா, இப்படி. அப்புறம் திறக்கலாமான்னு கேளுங்க. நோயைப் பத்திக் கடைசியில பாத்துக்கலாம்.”

வயிற்றைத் தொட்டுவிட்டுக் கேட்டால் யாரும் திறக்கத்தான் சொல்வார்கள். கருத்துக் கணிப்பில் எதைச் செய்யவே கூடாது என்பதற்கு நானே பயிற்சி வகுப்பில் காட்டிய உதாரணம் இது.

“சரி சார்” என்றேன்.

ஏன் சொன்னேன்? வேலை போய்விடுமோ என்ற பயம் கொஞ்சம். அதைவிட — கீழ்வீட்டில், கடைவீதியில் தையல் கடை வைத்திருக்கும் என் தங்கை நூல் கோக்காமல் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். சும்மா கிடந்தால் இறுகிப்போய்விடுமாம். அந்தச் சத்தம் எனக்குத் தாங்கவில்லை. எனக்கும் அவள் கடை திறக்க வேண்டியிருந்தது.

மே 8, வெள்ளி

நாள் முழுக்க எங்கள் ஆபீஸ் பெண்கள் போனில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு பெரியவர் கேள்வியை முடிக்கவே விடவில்லையாம். “எதை அமுக்கினா திறப்பாங்களோ அதை அமுக்கிக்கோ தாயி.” எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

பத்துக்கு ஏழு பேர் திறக்கச் சொன்னார்கள். அனுப்பிவிட்டேன்.

மே 10, ஞாயிறு

தலைவர் டிவியில் பேசினார். “இது என் முடிவு அல்ல. உங்கள் முடிவு. நீங்கள் சொன்னீர்கள், நான் திறக்கிறேன்.” குரல் லேசாகத் தழுதழுத்தது. தெருவில் விசில் பறந்தது.

தங்கை மாடிக்கு ஓடி வந்தாள். “மனுஷன்னா இவர்தான்க்கா! நம்மளைக் கேட்டுச் செய்றாரு பாரு.”

“உன்னைக் கேட்டாங்களாடி?”

“என்னைக் கேக்கல. யாரையோ கேட்டிருக்காங்கல்ல, போதும்.”

அந்த வேலையைச் செய்தது எங்கள் ஆபீஸ்தான் என்று அவளுக்குத் தெரியாது. வேலையைப் பற்றி நான் வீட்டில் பேசுவதில்லை. இன்று அது வசதியாகப் போயிற்று.

மே 11, திங்கள்

கடை திறந்துவிட்டாள்.

மே 15, வெள்ளி

அவள் கடைக்குப் போனேன். கடைவீதிக் கட்டடத்தின் உள்வரிசையில் ஜன்னல் இல்லாத அறை. மூன்று பேர் நின்றால் நான்காவது ஆள் வாசலில். முகக்கவசங்கள் தாடைக்கு மாட்டியவை. இவளோ முன்பின் தெரியாத ஒருத்தியை இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்து மார்பளவு எடுத்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்தே இழுப்பு உள்ளவள்.

“கொஞ்சம் தள்ளி நின்னு எடுடி.”

“தள்ளி நின்னு அளக்க நான் என்ன நிலமா அளக்கறேன்?” வந்தவளும் சேர்ந்து சிரித்தாள்.

கடையை மூடு, அந்தக் கணிப்பு கோணல் என்று சொல்லத்தான் போயிருந்தேன். “தண்ணி குடிச்சியா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

மே 19, செவ்வாய்

யாரிடமும் சொல்லாமல் மறுபடி கேட்டுப் பார்த்தோம், நானும் நம்பிக்கையான இரண்டு பெண்களும். இம்முறை நோயை முதலில் வைத்தேன். உங்கள் வீட்டில் யாருக்காவது மூச்சு முட்டினால் ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்குமா? பிறகு, கடைவீதி திறந்திருக்கலாமா?

பத்துக்கு ஆறு பேர் மூடச் சொல்கிறார்கள். அதே ஊர், அதே ஜனம். கேள்விகளை இடம் மாற்றியதைத் தவிர நான் வேறெதுவும் செய்யவில்லை.

மே 20, புதன்

நிழலுக்குக் கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை. இன்னும் கொஞ்சம் பேரிடம் கேட்டுவிட்டு அனுப்பலாம், அப்போதுதான் முறையாக இருக்கும் — எவ்வளவு படித்த சாக்கு.

மே 27, புதன்

தங்கைக்கு நேற்றே காய்ச்சல். மறைத்திருக்கிறாள். காலையில் படியேறி வந்தவள் பாதியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நாற்காலிகூட இல்லை. என் தோளில் சாய்ந்து நின்றாள். முன்னால் நின்ற ஒருவர் அரசாங்கத்தைக் கண்டபடி திட்டிக்கொண்டிருந்தார். இவள் மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள்: “யாரைத் திட்டி என்ன... திறங்க திறங்கன்னு நாமதானேக்கா கேட்டோம்.”

நாம இல்லடி. நான். நான்தான்டி. வாய் வரைக்கும் வந்துச்சு. அந்த நேரம் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க, உள்ளே கூட்டிட்டுப் போயிட்டாங்க. என்னை விடல.

மே 30, சனி

ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். பார்க்க அனுமதி இல்லை. மெஷினுக்கு உறை போட்டேன்.

ஜூன் 2, செவ்வாய்

கடிதத்தை அனுப்பிவிட்டேன். முதல் கணிப்பு கோணல், தெரிந்தே கோணலாக்கியது நான் என்று முதல் பக்கத்திலேயே எழுதினேன். இரண்டாவது கணிப்பையும் வைத்திருக்கிறேன். இரண்டையும் மக்களுக்குச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறேன்.

இரண்டு வாரம் முன்பே அனுப்பியிருந்தால்? அவள் அன்றே கடையை மூடியிருப்பாளா? அதையும் யாரிடமும் கேட்க முடியாது.

ஜூன் 3, புதன்

பதில் இல்லை. வேலையிலிருந்து தூக்கலாம். பொய் சொல்கிறாள் என்று அறிக்கை விடலாம். எது வந்தாலும் வாயை மூடிக்கொண்டிருப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். தூக்கம் வருமா பார்ப்போம்.

ஜூன் 4, வியாழன்

இரண்டும் நடக்கவில்லை. நடந்தது இதுதான்.

காலையில் நிழல் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு குளிர்ச்சி. “பிரமாதம் மேடம். மூடிடலாம்னுதான் ஐயாவும் நினைக்கிறார். யார் சொல்லி மூடுறதுன்னுதான் யோசனையா இருந்துச்சு. நல்ல நேரத்துல அனுப்பினீங்க.”

“முதல் பக்கம் படிச்சீங்களா சார்?”

“அதெல்லாம் இப்ப எதுக்கு மேடம்? இனிமே ரெண்டு கேள்வி வரிசையும் நம்ம கையில இருக்கட்டும்.”

ராஜினாமா செய்கிறேன் என்றேன். கேட்டாரா, அதற்குள் வைத்துவிட்டாரா தெரியவில்லை. எழுத்தில் அனுப்பினேன். முதல் பக்கத்தின் நகலை ஒரு பத்திரிகைக்கும் அனுப்பினேன். பரிசீலிப்பதாக ஒரு வரி வந்தது.

சாயங்காலம் தலைவர் பேசினார். “மூடச் சொன்னீர்கள். மூடுகிறேன்.” எதிர் மாடியில் கைதட்டினார்கள்.

அதன் பிறகு தங்கை வார்டிலிருந்து பேசினாள். இன்று மத்தியானம்தான் குழாயை எடுத்தார்களாம். குரல் காற்றாக வந்தது, ஆனால் அவள் குரல்.

“யாருக்கா அந்த மகராசி, என் கடையை மூடச் சொன்னவ? கையில கெடச்சா...”

“நான்தான்டி” என்றேன். “திறக்கச் சொன்னதும் நான்தான்.”

சிரித்தாள். அப்படிச் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. நர்ஸ் போனைப் பிடுங்கி, “ஏம்மா, இந்த நேரத்துல பேஷண்டுகிட்ட ஜோக் அடிக்கிறீங்க?” என்று திட்டினாள்.