நார்மல் என்று எழுதிய தாள்

அக்கா,

பீரோவை ஒழுங்குபடுத்தும்போது அந்தப் பழுப்பு உறை கையில் அகப்பட்டது. உள்ளே இரண்டு தாள்கள். பசை காய்ந்து, ஒட்டியிருந்த படத்துண்டுகள் சில மடியில் உதிர்ந்தன. அவற்றில் உன்னுடையது எது, என்னுடையது எது என்று எனக்கே தெரியவில்லை.

மூன்றாவது கருவும் கலைந்தபோது உன் ஊர் எரியோட்டுக்கு வந்து நான்தான் உனக்கு ரத்தம் எடுத்தேன். மதுரையில் குரோமோசோம் பார்க்கும் லேபில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். ஐஸில் வைத்தாலும் வெயில் பட்டாலும் செல் செத்துவிடும். லேப் போய்ச் சேரும்வரை அது உயிரோடு இருக்க வேண்டும். அதனால் குழாயைப் பஞ்சில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். "என் ரத்தத்துக்கும் சேத்து ஒரு டிக்கெட் எடுத்துருடா" என்றாய். அழுது வீங்கிய முகத்தோடு என்னைச் சிரிக்க வைத்தவள் நீ.

எங்கள் லேபில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளியின் ரத்தத்தோடு நல்ல உடம்புக்காரர் ஒருவரின் ரத்தத்தையும் சேர்த்து வளர்ப்போம். கோளாறு ரத்தத்திலா, எங்கள் கைவேலையிலா என்று பிரித்தறிய அது வேண்டும். வழக்கமாகக் கை நீட்டும் சீனியர் அம்மா அந்த வாரம் காய்ச்சலில் விடுப்பு. நான் நீட்டினேன். என் குழாயின் மேல் 'நார்மல்' என்று நானே எழுதினேன். உடன்பிறந்தவன் ரத்தத்தை ஒப்பிட வைக்கலாமா என்று செத்த நேரம்கூட யோசிக்கவில்லை.

மூன்று நாள் வளர்த்து, செல் பிரியும் நேரத்தில் மருந்து விட்டு நிறுத்தி, கண்ணாடியில் சொட்டி, சாயம் ஏற்றிப் படம் எடுத்தோம். அந்தக் காலத்தில் படத்தில் இருக்கும் நாற்பத்தாறு குரோமோசோமையும் கத்தரியால் வெட்டி, ஜோடி ஜோடியாக ஒட்ட வேண்டும். உன் தாளில் ஒன்றின் நுனி ஒடிந்து இன்னொன்றில் ஒட்டியிருந்தது. என் படத்தை வெட்டினேன். அதே இடம், அதே ஒடிசல். குழாய் மாறிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் என் தாளின் கடைசியில் ஆணுக்கு மட்டுமே உள்ள சின்ன குரோமோசோம் தனியாக உட்கார்ந்திருந்தது; அது என் ரத்தமேதான். எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். அதேதான் வந்தது. அம்மா கொடுத்ததா, அப்பா கொடுத்ததா என்று பார்க்க இருவருமே உயிரோடு இல்லை.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் உன் தாளை மட்டும் காட்டினேன். உனக்கு இதனால் ஒன்றும் ஆகாது, பிள்ளைக்குத்தான் அந்த ஒடிந்த துண்டு கூடவோ குறையவோ போகும், ஒன்றிரண்டு நன்றாகவும் பிறக்கலாம், எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றேன். மருந்து கேட்டாய். இல்லை என்றேன். சாவகாசமாகத் தாளை மடித்துக் கொடுத்துவிட்டுக் கேட்டாய்.

"ஒனக்கும் இருக்குமாடா?"

"எனக்கு இல்லக்கா."

"அம்புட்டுப் போதும்" என்று என் கன்னத்தைத் தொட்டாய்.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு கலைந்தன. நீயோ எனக்குப் பெண் தேடினாய். அகரத்தில் ஒன்று, சித்தையன்கோட்டையில் ஒன்று. மூக்கு சரியில்லை, படிப்பு போதாது என்று வாய்க்கு வந்ததைச் சொல்லித் தட்டிக்கழித்தேன். ஒரு பெண் கண்ணீரோடு உள்ளே போனதைப் பார்த்து நீ ஆறு மாதம் என்னோடு பேசவில்லை.

பத்து வருடம் கழித்து, சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கையைப் பிடித்துக்கொண்டாய். "நான் பட்ட பாட்டப் பாத்துத்தான நீ கலியாணம் வேணாங்குற? என்னாலதான ஒத்தையா நிக்கிற?" என்றாய்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாய். காரணத்தைச் சொன்னால், அன்று பஸ் ஸ்டாண்டில் உனக்குக் கிடைத்த அந்த ஒரே நிம்மதியும் போய்விடும். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் ஊமையாக உட்கார்ந்திருந்தேன். என் மௌனத்தை ஆமென்று எடுத்துக்கொண்டு மறுநாள் கண்ணை மூடிவிட்டாய்.

உதிர்ந்த துண்டுகளை இப்போது பொறுக்கி உறைக்குள் போட்டுவிட்டேன், எது யாருடையது என்று பிரிக்காமல். உன் தாளில் உன் பெயர் இருக்கிறது. என் தாளில் பெயர் இல்லை. 'நார்மல்' என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அதை அடிக்க எனக்கு இன்னும் கை வரவில்லை.