மூன்றாவது வெடி பாக்கியிருக்கும் துப்பாக்கி குறித்து

அனுப்புநர்:
செ. பூமயில்,
த/பெ. செல்லச்சாமி (முன்னாள் படைவீரர்),
கொக்காடியேந்தல் கிராமம், கடலாடி வழி,
இராமநாதபுரம் ஜில்லா.

பெறுநர்:
உயர்திரு கலெக்டர் அவர்கள்,
இராமநாதபுரம் ஜில்லா,
மதுரை.

பொருள்: தேர்தலை முன்னிட்டு ஒப்படைத்த துப்பாக்கிக்குப் பதிலாக மருந்து கெட்டித்த வேறொரு துப்பாக்கி திருப்பித் தரப்பட்டது, தணிக்கை நாளுக்கு முன் துப்பாக்கி வேலை தெரிந்த ஒருவரை அனுப்பக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மார்ச் மாதம் முப்பதாம் தேதி எங்கள் சரகப் போலீஸ் நிலையத்தில், மேசைமேல் கிடந்த துப்பாக்கிக்குள் மருந்து இருக்கிறது என்பதை நான் சொல்லவில்லை. அதன் வாய் நிலைய எழுத்தரின் வயிற்றுக்கு நேராக இருந்தது என்பதையும் சொல்லவில்லை. அது எங்களுடையது அல்ல என்பதையும் சொல்லவில்லை. அதை என் தகப்பனாரே சொன்னார், பயன் இல்லை. நான் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. அதை ஏழாவது பத்தியில் எழுதியிருக்கிறேன். அதற்கு முன் உள்ளவற்றையும் தாங்கள் படிக்க வேண்டுகிறேன். இல்லையென்றால் அந்தக் காரணம் விளங்காது.

2. என் தகப்பனார் சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் இருந்தவர். எங்களுக்குக் கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலமும், கமலை கட்டித் தண்ணீர் இறைக்க ஒரு ஜோடி மாடும் உண்டு. கோடையில் கடலை போடுகிறோம். காட்டுப்பன்றிகளுக்கும் கடலை பிடிக்கும். கருவேலங்காட்டிலிருந்து இறங்கி ஓர் இரவில் அவை செய்யும் அறுவடையை நாங்கள் ஒரு வாரத்திலும் செய்ய முடியாது. ஆகவே பயிர்ப் பாதுகாப்புக்கென்று துப்பாக்கி உரிமம் கேட்டோம்; தங்களுக்கு முன்னிருந்த கலெக்டர் அவர்கள் வழங்கினார்கள். அதன் நகலை இணைத்துள்ளேன்.

3. துப்பாக்கி வாங்கும் முன் அய்யா, அதாவது என் தகப்பனார், மதுரைக் கடையொன்றிலிருந்து படம் போட்ட விலைப்பட்டியலைக் கொண்டுவந்து, ஒரு மழைக்காலம் முழுவதும் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அப்போது எங்கள் வீட்டில் இருந்த ஒரே படப் புத்தகம் அதுதான். பிற்பாடு கையில் கிடைத்த புத்தகங்களையெல்லாம் படித்திருக்கிறேன். இத்தனை முறை படித்தது வேறொன்று இல்லை. எங்களைப் போன்றவர்கள் நினைத்துப் பார்க்கக்கூடியதாக அதில் நான்கு வகைகள் இருந்தன. காற்றுத் துப்பாக்கிக்கு மருந்தே வேண்டாம். உள்ளே அமுக்கி வைத்த சுருள்வில் விடுபடும்போது தள்ளும் காற்று ஒரு சிறு ஈயக் குண்டை அனுப்பும். காக்கையை விரட்ட அது போதும். பன்றி அதைப் பொருட்படுத்தாது. அடுத்து, வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல் கேப்புத் துப்பாக்கி. மருந்துத் துப்பாக்கிகளில் அதுவே மலிவு. ஆனால் ஒரு முறை சுட்டுவிட்டு மறுபடி கெட்டிப்பதற்குள் பன்றி அடுத்த ஊருக்குப் போய்விடும். மழை பெய்தால் அதுவும் இல்லை. இரட்டைக்குழல் துப்பாக்கியில் அடுத்தடுத்து இரண்டு வெடி போடலாம். விலையும் எடையும் அதற்கேற்ப இருக்கும். பின்புறம் திறந்து தோட்டா போடும் ஒற்றைக்குழல் இவற்றுக்கு நடுவில் நின்றது. "பன்னி ரெண்டாவது வெடிக்கு நிக்காது தாயி. ஒண்ணு போதும். ஆனா அது வெடிக்கணும்" என்று சொல்லி அய்யா அதையே வாங்கினார்.

4. துப்பாக்கி துப்பாக்கிதானே என்று நிலையத்தில் சொல்லப்பட்டதால், மேற்சொன்ன இரண்டு ஒற்றைக்குழல்களுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. எங்களுடையது நடுவில் மடங்கும். மடக்கிப் பார்த்தால் குழல் வழியே ஆகாயம் தெரியும். ஆகாயம் தெரிந்தால் உள்ளே ஒன்றுமில்லை. மருந்து, சிறு ஈயக் குண்டுகளான ரவை, நெருப்புப் பிடிக்கும் கேப்பு மூன்றும் ஒரே தோட்டாவுக்குள் இருக்கின்றன. தோட்டாவை எடுத்துவிட்டால் அது உலக்கைக்குச் சமம்.

கேப்புத் துப்பாக்கி மடங்காது. மருந்தையும் ரவையையும் வாய் வழியாகப் போட்டு, நடுவே தக்கை வைத்து, இரும்புக்கோலால் இடிக்கிறார்கள். கேப்பு தனியாக வெளியே, குழலின் அடியில் உள்ள சிறு முளையின் மேல் உட்காரும். குதிரை என்று நாங்கள் சொல்லும் சுத்தியல் அதன்மேல் விழுந்தால், நெருப்பு துளை வழியாக உள்ளே போகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நிரம்பியதும் காலியானதும் ஒன்றுபோலவே இருக்கும். கண்டுபிடிக்க எளிய வழி ஒன்றுதான். கோலை வாய்க்குள் விட வேண்டும். காலியாக இருந்தால் அது அடியில் இரும்பில் இடித்து 'ணங்' என்று ஒலிக்கும். கோலின் தலை குழலின் வாய்க்குச் சமமாக நிற்கும். நிரம்பியிருந்தால் ஒலிக்காது, உள்ளே எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

5. தேர்தலுக்காக எங்கள் சரகத்தில் மூன்று துப்பாக்கிகள் ஒப்படைக்கப்பட்டன. எங்களுடையது ஒன்று. எங்கள் ஊர்ப் பெரிய வீட்டுத் திரு. ராமசுப்பிரமணியன் அவர்களின் கேப்புத் துப்பாக்கி ஒன்று. இங்கே தென்னந்தோப்பு வைத்திருக்கும் பெரியபட்டினம் வியாபாரி ஜனாப் ஹமீது சுல்தான் அவர்களின் இரட்டைக்குழல் ஒன்று. ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய காகிதச் சீட்டைச் சோற்றுக்கஞ்சியால் ஒட்டி வைத்தார்கள். உப்புக்காற்றில் இரும்பில் துரு பூக்கிறது என்று மார்ச் மாதத்தில் ஒரு நாள் அவற்றை வெளியே எடுத்து வெயிலில் சாய்த்து வைத்தார்கள். நிலையத்தை ஒட்டியே கால்நடைப் பவுண்டு இருக்கிறது. பிறர் பயிரை மேய்ந்ததற்காக அதில் அடைபட்டிருந்த வெள்ளாடுகள் வெளியே வந்து, சீட்டுகளைக் கஞ்சியோடு தின்றுவிட்டன. படகின் பாய்த்துணியில் சுற்றி வலைக்கயிற்றால் கட்டி ஒப்படைத்திருந்ததால் ஹமீது சுல்தான் அவர்களின் துப்பாக்கி மட்டும் தப்பியது.

6. ஆகவே மார்ச் முப்பதாம் தேதி, உரிமதாரர்களின் அந்தஸ்தைப் பார்த்துத் துப்பாக்கிகள் வழங்கப்பட்டன. நிலைய ஏட்டு அவர்கள் எங்கள் துப்பாக்கியைப் பெரிய வீட்டு ஆளிடம் கொடுத்துவிட்டு, கேப்புத் துப்பாக்கியை எங்கள் முன் வைத்தார். அய்யாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. தடவிப் பார்த்துவிட்டு, "ஏட்டையா, நான் வச்சிருந்தது பின்னாடி தெறக்கும். இது தெறக்காது" என்றார்.

"தெறக்காட்டி என்னய்யா? துப்பாக்கி துப்பாக்கிதான. பெரிய வீட்டு அய்யாவுக்கு இந்தத் துருப்பிடிச்ச குழாயவா குடுத்தனுப்பச் சொல்றீரு? நீரே சொல்லும்."

உரிமத்தில் எண் இருக்கிறது என்று அய்யா சொன்னார்.

"பன்னி நம்பர் பாத்துத்தான் சாகுமாக்கும்" என்றார் ஏட்டு. அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். ஹமீது சுல்தான் அவர்கள் மட்டும், "ஏட்டையா, ஆடு படிச்சது போக மிச்சம் ஏதாச்சும் இருக்கான்னு பாருங்க" என்றார். அதற்கும் சிரித்தார்கள். பட்டாளத்திலிருந்து வந்தவர்களுக்குக் காக்கி உடையிடம் இரண்டு முறைக்கு மேல் மறுத்துப் பேசும் பழக்கம் இல்லை. அய்யா கையெழுத்துப் போட்டார்.

7. கொடுக்கும் முன் ஒவ்வொரு துப்பாக்கியையும் கூரைக்கு நேராகப் பிடித்து விசையை இழுத்துக் காட்டுவது ஏட்டு அவர்களின் வழக்கமாக இருந்தது. இதற்கும் அப்படிச் செய்ய முயன்றார். இரண்டு கட்டைவிரலாலும் இழுத்தும் குதிரை எழவில்லை, துரு பிடித்திருந்தது. பிறகு தனியாகக் கிடந்த இரும்புக்கோலை, "இதுக்கு எடம் இதுதான்" என்று குழலுக்குள் போட்டார். அது ஒலிக்கவில்லை. ஒரு சாண் வெளியே நின்றது. அதை நான் பார்த்தேன்.

அப்போது நான் சொல்லியிருந்தால், ஏட்டு அவர்கள் என் சொல் தவறு என்று அங்கேயே நிரூபிக்க முற்பட்டிருப்பார். அவர் கெட்டவர் அல்லர். அதனால்தான் இம்மனுவில் அவர் பெயரை எழுதவில்லை. யாராவது சந்தேகப்பட்டால் உடனே செய்து காட்டும் இயல்பு அவருக்கு உண்டு. அறை நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். துப்பாக்கி எங்களோடு வெளியே வந்துவிட்டால் அது எங்கள் வீட்டு ஆபத்தாக மட்டும் இருக்கும் என்று நினைத்தேன். "ஏம்மா, நீ எதுக்கு மொகத்தச் சுளிக்கிற? குடுத்தத வாங்கிக்கிட்டுப் போகணும்" என்றார் ஏட்டு. வாங்கிக்கொண்டு வந்தோம்.

8. வீட்டில் அய்யா விரலால் தடவிப் பார்த்தார். குதிரை கேப்பின்மேல் படிந்தபடியே துருவால் பிடித்திருக்கிறது. கேப்பை எடுக்க வேண்டுமானால் குதிரையைத் தூக்க வேண்டும். தூக்கும்போது கை நழுவினால் அது விழும் இடம் கேப்புதான்.

பெரிய வீட்டில் வேலை செய்யும் ராக்கு என்பவரைக் கிணற்றடியில் விசாரித்தேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "ஆத்தாடி, அதா உங்க வீட்டுக்கு வந்துருக்கு? சுதந்திரம்னு கொடியேத்துனாகளே, அன்னைக்கு மூணு வெடி போடணும்னு செத்துப்போன பெரியவர் எடுத்தது. ரெண்டாவது வெடிக்கே வண்டி மாடெல்லாம் தெறிச்சு ஓடிருச்சு. மூணாவதக் கெட்டிச்சதோட நிப்பாட்டிட்டாக." சத்தத்துக்காகச் சுடுவதற்கு ரவை போட்டிருக்க மாட்டார்களே என்று கேட்டேன். "ரவை போடாட்டிச் சத்தம் எடுபடாதுன்னுல்ல பெரியவர் சொல்லுவாரு" என்றார். ஆகவே, நாடு சுதந்திரம் அடைந்த நாளுக்காக நிரப்பிய மருந்து பதினைந்தாவது வருடமாக அதற்குள் இருக்கிறது. இப்போதைய உரிமதாரர் அன்று சென்னையில் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. எங்கள் துப்பாக்கியை மடக்கத் தெரியாமல் அவர்கள் சுவரில் மாட்டி வைத்திருப்பதாகவும் ராக்கு சொன்னார்.

9. இந்த விவரத்தை அய்யா நிலையத்துக்குப் போய் நேரில் சொன்னார். பதினைந்து வருடத்து மருந்து மண்ணாகப் போயிருக்கும் என்று பதில் கிடைத்தது. கூடவே ஓர் எழுத்து உத்தரவும் கிடைத்தது. இம்மாதம் இருபத்தைந்தாம் தேதி தணிக்கைக்கு, குதிரையை எண்ணெய் விட்டு இளக்கி, இயங்கும் நிலையில் துப்பாக்கியைக் கொண்டுவர வேண்டும். வேறு எந்த மாற்றமும் செய்தால் வழக்கு வரும் என்று அதில் கண்டிருக்கிறது. குழலுக்குள் தண்ணீர் ஊற்றி மருந்தைக் கெடுத்துவிடலாம் என்று அய்யா சொன்னார். அது உத்தரவில் சொன்ன மாற்றத்தில் சேரும். மேலும் துப்பாக்கி எங்களுடையது அல்ல. எங்களுடையதல்லாத துப்பாக்கியை வைத்திருப்பதும் குற்றம். திருப்பிக் கொண்டுபோனால் வாங்க மறுக்கிறார்கள். கிணற்றில் போட்டால் தொலைத்த குற்றம்.

ஆகையால் அதை நெல் குதிருக்குப் பின்னால், வாய் வெளிச்சுவரைப் பார்க்க வைத்திருக்கிறோம். அம்மா அந்தப் பக்கம் விளக்கு கொண்டுபோவதில்லை. நெல் எடுப்பதையும் குறைத்துக்கொண்டோம். கடலை பால் பிடித்துவிட்டது. பன்றிகள் வரத் தொடங்கிவிட்டன. அய்யா இரவில் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

10. ஆகவே தாங்கள், இருபத்தைந்தாம் தேதிக்கு முன், துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் போலீஸ் பணியாளர் ஒருவரை அனுப்பி, உள்ளே இருப்பதைச் சுடாமலே எடுக்க ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். அதன் பிறகு உரிமத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு இரண்டு துப்பாக்கிகளையும் மாற்றித் தர உத்தரவிட வேண்டுகிறேன். முதலாவதை மட்டும் செய்ய முடியுமானால் அதை மட்டுமாவது செய்யுங்கள். ஏட்டு அவர்கள்மீதோ பெரிய வீட்டார்மீதோ ஆட்டுக்காரர்மீதோ நடவடிக்கை எதுவும் நான் கேட்கவில்லை.

தங்கள் மேசையில் இதைவிட அவசரமான காகிதங்கள் இருக்கும் என்பதை அறிவேன். அவற்றுக்கு நடுவே இதுவும் தங்கள் கண்ணில் பட வேண்டும் என்பதே என் வேண்டுதல்.

தங்கள் உண்மையுள்ள,
செ. பூமயில்

இடம்: கொக்காடியேந்தல்
நாள்: 9-4-1962

இணைப்பு: உரிமத்தின் நகல், நிலைய உத்தரவின் நகல்.

மேற்படி மனுவின் தொடர்ச்சி, நாள் 14-5-1962

ஐயா,

என் மனு பெறப்பட்டு, அறிக்கைக்காக எங்கள் சரகப் போலீஸ் நிலையத்துக்கே அனுப்பப்பட்டிருப்பதாகத் தங்கள் அலுவலகத்திலிருந்து அட்டை வந்தது. நன்றி.

ஏப்ரல் இருபதாம் தேதி ஏட்டு அவர்கள், கண் தெரியாத மனிதரை அலைய வைக்க வேண்டாம் என்று, எண்ணெய்ப் புட்டியோடு தாமே எங்கள் வீட்டுக்கு வந்தார். இம்முறை நான் சொன்னேன். அக்கம்பக்கத்தார் கேட்கச் சொன்னேன். "ஏட்டையா, குதிரையத் தொடாதீங்க. உள்ள மருந்தும் ரவையும் இருக்கு. கேப்பு அடியில இருக்கு."

"கலெக்டருக்கே எழுதுன பிள்ளைல்ல நீயி. வாம்மா, வந்து பாரு. ஒண்ணும் இருக்காது" என்றார்.

ஆட்கள் நிற்காத பக்கமாக, அதாவது கிணற்றடிப் பக்கமாக, அவர் வாயைத் திருப்பிக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். எண்ணெய் விட்டதும் குதிரை எழுந்தது. கட்டைவிரல் வழுக்கியது. மூன்றாவது வெடி வெடித்தது. ரவை இருந்தது.

மனிதர் யாருக்கும் காயம் இல்லை. கிணற்றடி வேலிப் படலுக்கு அப்பால் நின்ற கமலை மாடுகளில் இடப்பக்கத்து மாடு விழுந்தது. பொழுது சாய்வதற்குள் செத்துவிட்டது. ஏட்டு அவர்கள் வெகுநேரம் தரையில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். பிறகு தணிக்கைப் படிவத்தில், துப்பாக்கி பழுதின்றி இயங்குகிறது என்று எழுதி, அய்யாவின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போனார்.

ஒற்றை மாட்டைக் கட்டிக் கமலை இறைக்க முடியவில்லை. கடலை காய்ந்துவிட்டது. பன்றிகள் இப்போது வருவதில்லை.

செ. பூமயில்