கழுவியும் போகாத புள்ளிகள்

இன்று மேசை இழுப்பறையில் பேனா தேடியபோது அந்த வெள்ளைப் பனியன் துணி கைக்கு வந்தது. எதிரே உன் தம்பி உட்கார்ந்திருந்தான். இறந்தவர்களுக்குக் கடிதம் சேரும் என்று நம்புகிறவள் இல்லை நான். இருந்தும் எழுதுகிறேன்.

நீ போய் ஏழு மாதம்தான். உங்கள் பனியன் கம்பெனிக்குப் பின்னால், ஆடுமாடு மேயவென்று கிளுவை வேலி கட்டி விட்டுவைத்த கொறங்காட்டை அழித்து உன் தம்பி புது ஷெட் போடப் போகிறானாம். அங்கே காட்டு விலங்கு எதுவும் இல்லை என்று கல்லூரியில் விலங்கியல் நடத்தும் நான் கையெழுத்திட வேண்டுமாம்.

நீ இருந்தபோது ஒருநாள், கம்பெனியில் கட்டிங் வேஸ்ட் துணி மூட்டைகளுக்கு நடுவே ஒரு பூனைக்குட்டி கிடந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும், முதுகெல்லாம் செம்பழுப்புப் புள்ளிகள். "பாவம், சாயத்துல உழுந்திருச்சாட்டிருக்குதுங்க" என்று துணி செக்கிங் பெண்கள் சோப்பு வாளியோடு வந்துவிட்டார்கள். நம் ஊரில் எதில் கறை கண்டாலும் முதலில் சாயத்தைத்தானே சந்தேகிப்போம்? நீ வரச்சொல்லி வந்த நானும் எட்டிப் பார்த்து, "ஊட்டுப் பூனைதான். கழுவுனா போயிரும்" என்றேன்.

நீ இந்தத் துணியை நனைத்து அதன் முதுகில் அழுத்தித் தேய்த்தாய். துணி வெள்ளையாகவே இருந்தது.

"ஏனுங்க டாக்டரம்மா, இருவது வருசமா கலர் பாக்கறவ நானு. இது சாயமில்லீங்க, பொறந்த கலரு."

பெண்கள் சிரித்தார்கள். குட்டி உன் விரலைக் கடித்தது.

வெட்கத்தோடு புத்தகத்தைப் புரட்டினேன். பிரியோனைலூரஸ் ருபிஜினோசஸ். உலகின் மிகச் சிறிய காட்டுப்பூனைகளில் ஒன்று. பெயரின் பின்பாதிக்குத் துருவின் நிறம் என்று பொருள். "பூனைய விட பேரு நீளமா இருக்குதே" என்றாய். வேலியோரம் விட்டோம், பொழுது சாய்வதற்குள் தாய் கவ்விக்கொண்டு போனது. அதன்பின் அந்த வேலியில் யாரையும் கைவைக்க நீ விடவில்லை.

போன வாரம் விடியலில் அங்கே போய் நின்றேன். கிளுவைக்குள் ஒரு புள்ளி முதுகு நுழைவதைக் கண்ணால் பார்த்தேன்.

இன்று அதைச் சொன்னதும், "வெறும் பூனைதானுங்க்கா" என்றான் உன் தம்பி.

"அப்படிச் சொல்லித்தான் ஒருதடவ அசிங்கப்பட்டேன்."

"நீங்க கையெழுத்து போடலீன்னா வேற ஆள் போடுவாங்க."

"போடட்டும். நான் எழுதறதப் படிச்சுட்டுப் போடட்டும்."

அவன் கொண்டுவந்த தாளில் 'இல்லை' என்றிருந்ததை அடித்துவிட்டு, பூனையின் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டேன். நகல் வனத்துறைக்கும் போகும் என்றேன். உன் தம்பி அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தான். பாதியில் நிறுத்தி, மேசைமேல் நான் எடுத்து வைத்திருந்த துணியைப் பார்த்தான்.

"இதென்ன துணிங்க்கா?"

"உங்கக்கா பண்ணின டெஸ்ட்டு."

அதை மறுபடியும் இழுப்பறையில் வைத்திருக்கிறேன். இதுவரை துவைத்ததில்லை. துவைக்க அதில் ஒரு கறையும் இல்லை.