உன்னைத் தடைசெய்து நான் எழுதிய கடிதம்

மச்சான்,

இன்று காலை வேலைக்குப் போக, கிழக்கு லண்டனில் பஸ் ஏறினேன். முன் இருக்கையில் ஒரு அம்மா கைப்பையைத் திறந்து, சீலையைச் சற்று உயர்த்தி, முழங்காலுக்குத் தைலம் தேய்க்கத் தொடங்கினார். அதே தைலம். ஞாயிறு காலைகளில் என் காருக்குள் ஏறியதும் நீ இரண்டு முழங்காலிலும் அப்பிக்கொள்ளும் அதே மணம். "கண்ணாடியை இறக்கடா, மூக்கு எரியுது" என்று நான் கத்துவேன். "எரியட்டும், உன்ரை மண்டைக்கும் கொஞ்சம் பூசினால் நல்லது" என்பாய். இன்று என்னால் அங்கே இருக்க முடியவில்லை. மணியை அழுத்தி இரண்டு தரிப்பிடம் முன்னதாகவே இறங்கிவிட்டேன். அச்சகத்துக்கு அழைத்து, உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னேன். வேலைக்குப் போகாமல் எங்கே போனேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நீ கண் மூடி ஆறு கிழமை. நம் இரண்டு உதைபந்தாட்டச் சங்கங்களும் மறுபடி ஒன்றாகப் போகின்றன, தெரியுமா? வருகிற ஞாயிறு கிங்ஸ்பரியில், கோயில் மண்டபத்தில் கூட்டம். அடுத்த கோடையில் ஒரே கிண்ணம், அதற்கு உன் பெயர். கூட்டத்தில் வாசிக்கவும் நினைவு மலரில் போடவும் உன்னைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லி என்னிடம் கேட்டார்கள். என்னிடம்! மூன்று தரம் எழுதினேன். "விளையாட்டுக்காகத் தன்னை அர்ப்பணித்த பெருமகன்" என்று தொடங்கும் வழக்கமான சரக்கு. மூன்றையும் கிழித்தேன். எழுதியதெல்லாம் உண்மைதான். ஆனால் எழுதிய கை சரியில்லை.

சங்கம் பிளந்த அந்தப் பொதுக்கூட்டத்தில் நீ கடைசி வரிசையில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாய். ஊர்ப் பெயரிலும் பள்ளிக்கூடப் பெயரிலும் கழகங்கள். பாரிஸிலும் சூரிச்சிலும் இருந்து ஆட்களை இறக்கிக் காசு கொடுத்து விளையாட வைக்கலாமா, கூடாதா என்பதுதான் சண்டை. "இங்கிலீஷ்காரன் காசு குடுத்துத்தானே விளையாட்டை வளர்த்தவன்" என்றது ஒரு பகுதி. "ஊருக்காக விளையாடுறவனுக்குக் கூலியோ?" என்று எழுந்து நின்று கத்தியது நாங்கள். நாங்கள் என்றால் முதலில் நான். எனக்கு அன்று வந்த கோபத்தை நினைத்தால் இப்போது சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. கதிரைகளைத் தள்ளிக்கொண்டு அவர்கள் வெளியே போனார்கள். இரண்டு சங்கம், இரண்டு கிண்ணம் என்றாயிற்று. நான் எங்கள் பக்கத்துக்குச் செயலாளர். அவர்களுடைய மைதானத்தில் கால் வைக்கிற எவருக்கும், வீரரானாலும் நடுவரானாலும், எங்களிடம் இடமில்லை என்ற விதியை நான்தான் எழுதினேன்.

"நடுவருக்கு என்னடா கட்சி?" என்றாய் நீ. "ரெண்டு பக்கமும் பந்து உருண்டைதானே." ஜெர்மனியில் இருந்த காலத்திலேயே முறையாகப் படித்துத் தேறிய நடுவர் நீ. இங்கே வந்து கிழமை முழுக்கக் குழாய் வேலை. வீடு வீடாகச் சிங்குக்கு அடியிலும் பொயிலருக்குப் பின்னாலும் படுத்தெழும்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எங்கள் சண்டியர்களுக்கு நடுவே ஓடுவாய். அதற்கு ஒரு சதம் வாங்கியதில்லை. தேத்தண்ணியும் இரண்டு ரோல்ஸும்தான்.

போன வருடம் ஆவணியில் எங்கள் கிண்ணப் போட்டி நடந்தது. அன்று காலை உடை மாற்றும் கட்டடத்துக்குப் பின்னால், கார்த் தரிப்பிடத்தில், பாரிஸிலிருந்து வந்த எங்கள் முன்கள ஆட்டக்காரனுக்கு நான் ஓர் உறையைக் கொடுத்தேன். எங்கள் சங்கத் தலைவர் தந்து விட்டது. "பயணச் செலவு எண்டு சொல்லிக் குடு, தம்பி" என்றிருந்தார். அதற்குள் இருந்தது பாரிஸுக்குப் போய்வரும் செலவு மட்டும் அல்ல என்று உறையின் தடிப்பே சொன்னது. ஊருக்கு விளையாடுகிறவனுக்குக் கூலியோ என்று கத்திய அதே நான், அதை நீட்டினேன். திரும்பினால், சுவரோரம் குந்தியிருந்து நீ சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருக்கிறாய்.

நீ எழும்பினாய். என்னைப் பார்த்தாய். "ஜேர்சியை உள்ளுக்கு விட்டிட்டு வரச் சொல்லு அவனை" என்றாய். அவ்வளவுதான். மைதானத்துக்குப் போய்விட்டாய்.

அதற்கு அடுத்த ஞாயிறு, நோர்த் சேர்குலர் ரோட்டில் கார் நெரிசலில் நிற்கிறோம். நீ பாட்டுக்குக் கதை சொல்லத் தொடங்கினாய். "நூறு வருஷத்துக்கு முன்னம் இதே லண்டனிலை இதே கூத்து நடந்தது மச்சான். காசுக்கு விளையாடுற கழகங்களையும் மாவட்டச் சங்கங்கள் சேர்க்க வேணுமெண்டு தலைமைச் சங்கம் சொல்லிப்போட்டுது. துரைமாருக்குப் பொறுக்கேல்லை. கோவிச்சுக்கொண்டு போய்த் தங்களுக்கெண்டு தனிச் சங்கம் துவங்கினவை. பிறகென்ன, அங்கை விளையாடினவன் இங்கை ஏலாது, இங்கை விளையாடினவன் அங்கை ஏலாது."

"சரியாத்தானே செய்திருக்கினம்" என்றேன்.

"கேளன். அவையளிலை சில பேர் தண்ட உதை கிடைச்சால் வேணுமெண்டு வெளியிலை அடிப்பினமாம். கனவான் தெரிஞ்சுகொண்டு பிழை விடமாட்டான், பிறகேன் அந்தத் தண்டனை எண்டு நினைப்பு." வயிறு குலுங்கச் சிரித்தாய். "ஏழு வருஷத்தாலை தலையைச் சொறிஞ்சுகொண்டு திரும்பி வந்து சேர்ந்தவை. பகிடி என்னெண்டால், அந்தத் துரைமாரிலையும் கன பேர் செலவுக்கெண்டு சொல்லி உறையுக்கை வாங்கினவையாம்."

நீ பகிடியாகத்தான் சொன்னாய். இப்போது சத்தியம் பண்ணிச் சொல்வேன், பகிடிதான். ஆனால் அந்த நிமிடம் எனக்கு அது பகிடியாகப் படவில்லை. இவன் என்னை வெருட்டுகிறான் என்று நினைத்தேன். இன்றைக்கில்லாவிட்டாலும் ஒருநாள் கார்த் தரிப்பிடக் கதையைச் சபையில் அவிழ்த்துவிடுவான் என்று நினைத்தேன். இருபது வருடம் என் வீட்டில் சாப்பிட்டவனை அப்படி நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது மச்சான்.

பிறகு அவர்களுடைய கிண்ணப் போட்டி வந்தது. இறுதியாட்டத்துக்கு ஒழுங்கு செய்த நடுவர் வரவில்லை. உனக்குப் போன் அடித்தார்கள். மைதானத்தில் சனம் நிற்கிறது, பிள்ளைகள் வெயிலில் நிற்கிறார்கள் என்றதும் நீ சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாய். ஆட்டம் முடிந்ததும் நம்முடைய ஆட்கள் செய்கிற வழக்கம்தானே, மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி, கையில் ஓர் உறையைத் திணித்தார்கள். படம் பிடித்தார்கள்.

அந்தப் படம் என் மேசைக்கு வந்தது. நம் ஆட்களின் கிழமைப் பத்திரிகையை எங்கள் அச்சகம்தானே அடிக்கிறது. செவ்வாய்க்கிழமை பக்கத்தைத் திறந்தால் நீ. தோளில் மஞ்சள் பொன்னாடை, கையில் வெள்ளை உறை, முகத்தில் அந்த அசட்டுச் சிரிப்பு. நான் ஒரு பிரதி எடுத்தேன். மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். தலைவரின் கடைக்குப் போய்க் கல்லாவின் மேல் விரித்தேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் செய்தேன். இவன் வாயைத் திறக்கும் முன் இவனுடைய சொல்லைச் செல்லாததாக ஆக்கிவிட வேண்டும், அது ஒன்றுதான் என் எண்ணம்.

வியாழக்கிழமை விசாரணை. வேலை உடுப்போடு வந்தாய், காற்சட்டை முழங்காலில் ஈரம் காயவில்லை. உனக்கு ஒரு கதிரை போடக்கூட எவனும் எழும்பவில்லை. நானும் எழும்பவில்லை.

தலைவர் படத்தைத் தூக்கிக் காட்டினார். "காசு வாங்கினீரோ இல்லையோ?"

"என்வலப் வாங்கினனான். மேடையிலை சனத்துக்கு முன்னாலை நீட்டினால் வேண்டாமெண்டு சொல்ல ஏலுமே? குடுக்கிற மனுசன்ரை முகம் என்னாகும்?"

"உள்ளுக்கை எவ்வளவு?"

"திறக்கேல்லை அண்ணை. அவையின்ரை கோல் காக்கிற பொடியனுக்கு விரல் முறிஞ்சு போச்சு. கீழை இறங்கின கையோடை அவனிட்டைக் குடுத்திட்டன். போன் போட்டுக் கேளுங்கோ."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போன் எடுக்க வேண்டியவன் செயலாளர். அந்தப் பொடியனின் தமையனுடைய இலக்கம் என் கைப்பேசியில் இருந்தது. "அவை எங்களோடை கதைக்க மாட்டினம்" என்றேன். நீ தலைவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாய். "இந்தப் படத்தை ஆர் கொண்டு வந்தது?" என்று கேட்டாய். நான் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் எதையோ எழுதினேன். என்ன எழுதினேன் என்று எனக்கே தெரியாது.

அப்போது நீ கார்த் தரிப்பிடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அறையில் ஒருவன் மிஞ்சியிருக்க மாட்டான். நான் காத்திருந்தேன். "சரி. நான் போயிட்டு வாறன்" என்று மட்டும் சொன்னாய்.

மூன்று வருடத் தடை. கடிதத்தை நான் எழுதினேன். நன்றாக எழுதினேன், அதைத்தான் சொல்ல வாய் கூசுகிறது. "தொண்டு என்னும் தூய நெறியை விலைக்கு விற்றமை" என்று ஒரு வரி. அந்த வரியில் எனக்குப் பெருமை. மனுசிக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். அவள் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள்.

பிறகு இந்த வருடம். சித்திரையிலும் வைகாசியிலும், ஊரில் போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன் சதுக்கத்தில் நின்றோமே. எந்தச் சங்கம், எந்தக் கழகம் என்று எவன் கேட்டான்? கூலி வாங்கினவனும் வாங்காதவனும் ஒரே தார்ப்பாளுக்குக் கீழே நனைந்தார்கள். அங்கே உன்னைக் கண்டேன், பத்தடி தூரத்தில். உன் தங்கச்சி குடும்பத்தோடு போருக்குள்ளே அகப்பட்டிருக்கிறாள், ஒரு தகவலும் இல்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். நீ போனைக் கையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாய். ஊரே எரிந்துகொண்டிருந்தபோது ஓர் உதைபந்தாட்டக் கிண்ணத்துக்காகப் பத்தடி நடக்க முடியாமல் நின்றவன் நான். உன்னிடம் வந்தால் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். நாளைக்குப் பார்ப்போம் என்று ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போனேன். இந்தக் கோடையில் யாருக்கும் போட்டி வைக்க மனம் வரவில்லை. புரட்டாசியில், வெம்பிளியில் யாரோ ஒருவருடைய குசினியில், வேலை செய்துகொண்டிருந்தபோதே உனக்கு நெஞ்சு நின்றுவிட்டது.

உன் செத்தவீட்டில் பின் வரிசையில் ஒளிந்து நின்றேன். உன் மனைவி தேடி வந்தாள். "அவர்ரை சிநேகிதன் எண்டால் நீங்கள்தானே அண்ணை. ரெண்டு வார்த்தை கதையுங்கோ." கதைத்தேன். அதையும் நன்றாகத்தான் கதைத்தேன். சனம் அழுதது. தலைவர் என் தோளில் தட்டினார்.

இன்று பஸ்ஸை விட்டு இறங்கி நேரே உன் வீட்டுக்குத்தான் போனேன். உன் மனைவி கறிக்கு லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தாள். கதிரையில் இருக்காமலே எல்லாவற்றையும் கொட்டினேன். கார்த் தரிப்பிடம், உறை, படம், எடுக்காத போன். அவள் கத்தியை வைக்கவும் இல்லை, நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

"தெரியும் அண்ணை" என்றாள்.

"என்ன தெரியும்?"

"படம் நீங்கள் கொண்டு போனது. அண்டைக்கு வந்து இருந்த உடனை சொன்னவர். பேப்பர் வெள்ளிக்கிழமைதானே கடைக்கு வாறது. வியாழக்கிழமையே அது தலைவர்ரை கையிலை இருக்கெண்டால், வேறை ஆரிட்டை இருந்து போயிருக்கும்?"

இத்தனை மாதமும் என் கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தது, நீ அந்த அறையில் நின்றபடியே கண்டுபிடித்த விஷயம். "பிறகேன் அவன் வாய் திறக்கேல்லை?"

"நானும் கேட்டனான். பேப்பர் வர முன்னம் பக்கத்தை வெளியிலை குடுத்தது தெரிஞ்சால் உங்கடை முதலாளி உங்களை நிப்பாட்டிப்போடுவாராம். 'ரெண்டு பிள்ளையள் படிக்குதுகள், இந்த வயசிலை அவன் எங்கை போய் வேலை தேடுறது' எண்டவர். அதோடை அந்தக் கதையை விட்டிட்டார்."

நான் அப்போதுதான் கதிரையில் இருந்தேன். அழுதேன் என்று எழுதலாம், அது உண்மையும்தான். ஆனால் என் அழுகையால் உனக்கு என்ன பிரயோசனம்? அவள் லீக்ஸை வழித்துச் சட்டியில் போட்டாள், கையைக் கழுவினாள், முதல் தரமாக என்னை நேரே பார்த்தாள்.

"அவர் உங்களை மன்னிச்சிருப்பார். அது அவர்ரை குணம். நான் மன்னிக்கேல்லை அண்ணை. ஒவ்வொரு ஞாயிறும் விடிய வெளிக்கிட்டு, முன்னறையிலை வந்திருந்து, போக இடமில்லையெண்டு திரும்பவும் உடுப்பை மாத்தின மனுசனை நான்தான் பாத்தனான்."

மலரில் இந்தக் கடிதம்தான் வரும். அச்சுக் கோக்கப்போவதும் நான்தான், ஒரு சொல்லையும் திருத்த மாட்டேன். தலைவர் குதிப்பார், குதிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு சங்கமும் இருக்கிற சபையில் இதை வாசிக்கப்போகிறேன் என்று உன் மனைவியிடம் சொன்னேன். அவளைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

வாசல் வரை வந்தாள். நான் சப்பாத்துப் போட்டு முடியும் மட்டும் நின்றாள். பிறகு சொன்னாள்:

"நானும் வாறன். முன் வரிசையிலை இருப்பன். வாசிக்கேக்கை பேப்பரைப் பாக்காதேங்கோ அண்ணை, என்னைப் பாத்து வாசியுங்கோ."